கார்லிட்டோ ஏன் அந்தப் படகில் ஏறினான்?

திருவாரூர்ப் பக்கம் கல்லூரியில் படிக்கும் ஒரு தம்பி கேட்ட கேள்வி இது: "கார்லிட்டோஸ் வே பார்த்தேன். ஆள் திருந்திவிட்டான், காதலி இருக்கிறாள், பணமும் கிட்டத்தட்டச் சேர்ந்துவிட்டது. அப்புறமும் அந்த வக்கீலுக்கு உதவப் போய் ஏன் மாட்டிக்கொள்ள வேண்டும்? சுத்த முட்டாள்தனமாக இருக்கிறதே. அதுவும் அவன் சுடப்படுவதை முதல் காட்சியிலேயே காட்டிவிட்டால் மீதிப் படத்தை எதற்காகப் பார்ப்பது?"

நான் சினிமாக்காரன் இல்லை தம்பி. கும்பகோணத்தில் ஒரு கிரிமினல் வக்கீலிடம் 22 வருடம் குமாஸ்தாவாக இருந்தவன், கட்டு தூக்கி, வாய்தா குறித்து, ஜாமீன்தாரர்களை மரத்தடியில் உட்காரவைத்துக் கையெழுத்து வாங்கியே தலை நரைத்தவன். இந்தப் படத்தை முதலில் வாடகை விசிடியில் பார்த்தேன், அதற்கப்புறம் ஐந்தாறு தடவையாவது பார்த்திருப்பேன். எனக்கு இது துப்பாக்கிப் படமாகத் தெரிந்ததே இல்லை, எங்கள் ஆபீஸ் பெஞ்சில் வந்து உட்காரும் ஆட்களின் படமாகத்தான் தெரிந்தது. அதனால் பதிலும் அந்தப் பக்கத்திலிருந்துதான் வரும்.

முழுசாகப் பார்க்காதவர்களுக்காகக் கதை. 1993-இல் வந்த படம், பிரையன் டி பால்மா இயக்கியது. கதை நடப்பது 1975-இல், நியூயார்க்கில். கார்லிட்டோ பிரிகான்டே என்கிற போர்ட்டோரிக்கோக்காரன், ஒரு காலத்தில் பெரிய ஹெராயின் வியாபாரி, 30 வருடத் தண்டனையில் 5 வருடம் கழித்த நிலையில் வெளியே வருகிறான். குற்றம் செய்யவில்லை என்று நிரூபித்து வரவில்லை. அரசுத் தரப்பு சட்டவிரோதமாக ஒட்டுக்கேட்டுச் சாட்சியம் திரட்டியது என்று அவனுடைய வக்கீல் டேவ் கிளைன்ஃபெல்ட் பிடித்துக்கொண்டதால் வருகிறான். கோர்ட்டில் நின்றுகொண்டு, ஏதோ விருது வாங்க மேடை ஏறினவன் மாதிரி நீதிபதிக்கும் அரசு வக்கீலுக்கும் நன்றி சொல்கிறான் பாருங்கள், அல் பசினோ அந்த ஒரு காட்சியிலேயே ஆளை முழுசாகக் காட்டிவிடுகிறார். நான் மாறிவிட்டேன் என்று சத்தியம் செய்கிறான். நீதிபதி நம்பவில்லை. நாமும் நம்பவில்லை. வேடிக்கை என்னவென்றால் அவன் சொல்வது நிஜம்.

ஒரு சின்ன விஷயம், தொழில்புத்தி விடமாட்டேன் என்கிறது. நம் ஊர்க் கோர்ட்டாக இருந்தால் கார்லிட்டோ இந்தக் காரணத்துக்காக வெளியே வந்திருக்க மாட்டான். அமெரிக்காவில் தப்பான வழியில் எடுத்த சாட்சியத்தைத் தூக்கி எறிகிறார்கள். இங்கே 1972-இல் மல்கானி வழக்கில் உச்ச நீதிமன்றம், சாட்சியம் வழக்குக்குப் பொருத்தமானதாக இருந்தால் அது எப்படிக் கிடைத்தது என்பதற்காக மட்டும் தள்ள வேண்டியதில்லை என்கிற பக்கம் நின்றுவிட்டது, அதுவும் போன் பேச்சைப் பதிவு செய்த வழக்கில்தான். ஆகக் கார்லிட்டோ மிச்சமிருக்கும் 25 வருடத்தையும் திருச்சி மத்திய சிறையில்தான் கழித்திருப்பான், படமும் 10 நிமிடத்தில் முடிந்திருக்கும்.

சரி, வெளியே வந்தவனுக்கு ஒரே ஒரு ஆசை. 75,000 டாலர் சேர்த்துக்கொண்டு பஹாமாஸ் தீவுக்குப் போய், தெரிந்தவன் ஒருவன் நடத்தும் கார் வாடகைக் கம்பெனியில் பங்குதாரராகச் சேர வேண்டும். எவ்வளவு சின்னக் கனவு! 'டிராவல்ஸ் வைக்கப் போகிறேன்' என்று நம் பக்கத்துப் பையன்கள் சொல்வார்களே, அதேதான். அதற்காக ஒரு இரவு விடுதியில் பணம் போட்டு, உட்கார்ந்து கணக்குப் பார்க்கிறான். அந்த முதல் பணமும் சுத்தமான பணம் இல்லை. சொந்தக்காரப் பையன் ஒருவன் கூப்பிட்டான் என்று துணைக்குப் போன இடத்தில் சண்டையாகி, பையன் கழுத்தறுபட்டுச் செத்து, அவன் கையில் இருந்த பணம்தான் இவன் கைக்கு வருகிறது. இவன் போனது 'சும்மா கூட வா, 5 நிமிட வேலை' என்கிற பேச்சுக்காக. எங்கள் ஆபீசுக்கு வந்த முதல் தகவல் அறிக்கைகளில் பாதி அந்த 'சும்மா கூட வா'வில் ஆரம்பித்தவைதான்.

இப்போது உங்கள் கேள்வி. வக்கீல் வந்து நிற்கிறான். அவன் இத்தாலிய மாஃபியாத் தலைவன் ஒருவனிடம் 10 லட்சம் டாலர் அமுக்கியிருக்கிறான். அந்தத் தலைவன் ரைக்கர்ஸ் தீவுச் சிறையில் இருந்துகொண்டு, படகு கொண்டுவந்து என்னைத் தப்பிக்க வை, இல்லாவிட்டால் உன் உயிர் இருக்காது என்கிறான். கிளைன்ஃபெல்ட் பணம் அமுக்கியதைச் சொல்லாமல் கார்லிட்டோவைத் துணைக்குக் கூப்பிடுகிறான். காதலி கெய்ல் போகாதே என்று கெஞ்சுகிறாள், இது நம் இரண்டு பேரையும் சேர்த்து அழிக்கும் என்று அவளுக்குத் தெரிகிறது. இவனுக்கும் தெரிகிறது. அதை மறந்துவிடாதீர்கள். ஏமாந்து போகிறவன் இல்லை, தெரிந்தே படகில் ஏறுகிறவன்.

முட்டாள்தனம் என்கிறீர்கள். பேராவூரணிப் பக்கம் யாராவது பழக்கம் இருந்தால் அவர்களிடம் இந்தக் கதையைச் சொல்லிப் பாருங்கள், ஒரு நொடியில் புரிந்துகொள்வார்கள். அங்கே ஆடி, ஆவணியில் மொய் விருந்து வைப்பார்கள். கறிச்சோறு போட்டு, வாசலில் மேசை போட்டு நோட்டில் பெயர் எழுதிப் பணம் வாங்குவார்கள். அந்தப் பணத்தில் கிணறு வெட்டினவன் உண்டு, கடை வைத்தவன் உண்டு, பெண்ணைக் கட்டிக்கொடுத்தவன் உண்டு. ஆனால் நோட்டில் இருப்பது கணக்கு. அவன் விருந்து வைக்கும்போது வாங்கினதைவிடக் கொஞ்சம் கூட வைத்துத் திருப்ப வேண்டும். யாரும் கோர்ட்டுக்குப் போக மாட்டார்கள், பத்திரம் கிடையாது. திருப்பாதவன் அப்புறம் எப்படித் தெருவில் நடப்பது? அவ்வளவுதான் சட்டம்.

கிளைன்ஃபெல்ட் வைத்த மொய் 25 வருடம். ஒரு மனிதனுக்கு 25 வருட ஆயுளைத் திருப்பிக் கொடுத்தவன் வந்து, ஒரு ராத்திரி என்னோடு படகில் வா என்று கேட்கிறான். கார்லிட்டோ தெருவில் வளர்ந்தவன். அந்தத் தெரு அவனுக்குக் கற்றுக்கொடுத்த நல்லது என்று ஒன்று இருந்தால் அது இதுதான், வாங்கினதைத் திருப்பு. போதைமருந்து விற்பதை விட்டுவிட முடிந்தது, துப்பாக்கியைக்கூட ஓரளவு விட முடிந்தது. இதை விடச் சொன்னால் அவனிடம் மிச்சம் என்ன இருக்கும்? மாயவரத்துக்கும் குத்தாலத்துக்கும் நடுவில் இருக்கும் தேரழுந்தூரைக் கம்பர் பிறந்த ஊர் என்பார்கள். அவர் எழுதின கும்பகர்ணனும் இதே இடத்தில்தான் நிற்கிறான். அண்ணன் செய்தது தப்பு என்று முகத்துக்கு நேரே சொல்கிறான், ஜெயிக்கப் போவது யார் என்றும் தெரியும், வீடணன் வந்து இந்தப் பக்கம் வந்துவிடு என்று அழுகிறான், இருந்தும் இத்தனை நாள் வளர்த்துப் போர்க்கோலம் பூட்டி அனுப்பினவனுக்கு உயிரைக் கொடுக்காமல் வரமாட்டேன் என்கிறான். கும்பகர்ணனை நாம் முட்டாள் என்று சொல்வதில்லையே.

ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கிறது, படத்தின் கசப்பெல்லாம் அதில்தான். ராவணன் கும்பகர்ணனை வளர்த்தது பாசத்தில். கிளைன்ஃபெல்ட்? இந்த வக்கீலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் ஷான் பென் நடித்த இந்தப் பாத்திரம் மாதிரி ஒன்றை நான் வேறு எந்தப் படத்திலும் பார்த்ததில்லை, நேரில் பார்த்திருக்கிறேன். சுருட்டை முடி, முன்நெற்றி வழுக்கை, கண்ணாடி, மூக்கில் எப்போதும் கொக்கெயின். கட்சிக்காரர்களின் ஜம்பத்தைப் பக்கத்தில் இருந்து பார்த்துப் பார்த்து, தானும் அவர்களில் ஒருவன் என்று நினைக்கத் தொடங்கிவிட்ட வக்கீல். ரவுடி நன்றாகக் கோட்டு போட்டுக்கொண்டு ஆபீஸ்காரன் மாதிரி ஆகப் பார்க்கிறான், வக்கீல் துப்பாக்கி வைத்துக்கொண்டு ரவுடி மாதிரி ஆகப் பார்க்கிறான், இரண்டு பேரும் படிக்கட்டில் எதிரும் புதிருமாகக் கடக்கிறார்கள். அதில் ஆபத்தானவன் யார் என்றால் புதிதாக வருகிறவன்தான். பழைய ரவுடிக்கு எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரியும், எதைச் செய்தால் யார் திரும்பி வருவார்கள் என்று தெரியும். இவனுக்குத் தெரியாது. அதனால்தான் படகில், தண்ணீரில் தத்தளித்துக்கொண்டு ஏற வருகிற அந்தக் கிழவனை மண்டையில் அடித்தே கொல்கிறான், கூட வந்த மகனையும் சேர்த்து. கார்லிட்டோ அங்கேயே சொல்லிவிடுகிறான், உனக்கு நான் பட்ட கடன் தீர்ந்தது என்று. மொய் நோட்டில் கோடு போட்டு அடித்தாயிற்று. ஆனால் தீர்ந்தது அவர்கள் இருவருக்கும் நடுவில் இருந்த கணக்குதான், புதிதாக ஒரு பெரிய கணக்கு இத்தாலியர்களிடம் திறந்துவிட்டது.

அதற்கு மேலே ஒன்று. கிளைன்ஃபெல்ட் ஏற்கெனவே அரசு வக்கீலிடம் போய், கார்லிட்டோ மறுபடியும் போதைமருந்து வியாபாரத்தில் இறங்கிவிட்டான் என்று பொய் சொல்லிப் பதிவு கொடுத்திருக்கிறான். அரசு வக்கீல் அந்த டேப்பைப் போட்டுக் காட்டி, இப்போது நீ அவனைக் காட்டிக்கொடு, உன்னை விட்டுவிடுகிறேன் என்கிறார். கார்லிட்டோ வாயைத் திறக்கவில்லை. தனக்குத் துரோகம் செய்தவனைக்கூடப் போலீசிடம் காட்டிக்கொடுக்க மாட்டான். ஆனால் இத்தாலியர்களிடம் குத்துப்பட்டுக் கிடக்கும் கிளைன்ஃபெல்டை ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்துவிட்டு, அவன் தலைமாட்டில் இருந்த துப்பாக்கியின் குண்டுகளைச் சத்தமில்லாமல் எடுத்துவிட்டு வருகிறான். கடன் தீர்ந்தவனிடம் எப்படி நடந்துகொள்வது என்பதற்கும் தெருவில் ஒரு முறை இருக்கிறது போல.

இந்த மாதிரி நுணுக்கம் எல்லாம் சும்மா கற்பனையில் வராது. மூலக்கதை எட்வின் டோரஸ் எழுதிய இரண்டு நாவல்கள். அவர் நியூயார்க்கின் ஸ்பானிஷ் ஹார்லெமில் வளர்ந்த போர்ட்டோரிக்கோக்காரர், அரசு வக்கீலாக இருந்து, அப்புறம் குற்றம்சாட்டப்பட்டவர் தரப்புக்கு வாதாடி, கடைசியில் நீதிபதியானவர். கோர்ட்டில் நிற்கும் மூன்று இடத்திலும் நின்றவர். எங்கள் ஆபீஸ் மாதிரி எத்தனை ஆபீஸைப் பார்த்திருப்பார்! படம் பெரும்பாலும் இரண்டாவது நாவலான 'ஆஃப்டர் அவர்ஸ்' கதை, 1985-இல் ஸ்கோர்செஸி அதே பெயரில் ஒரு படம் எடுத்துவிட்டதால் முதல் நாவலின் பெயரை வைத்தார்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். அவனைக் கடைசியில் சுடுவது இத்தாலியர்கள் இல்லை. பிராங்க்ஸ் பகுதியிலிருந்து வந்த பென்னி பிளாங்கோ என்கிற சின்னப் பையன். விடுதிக்கு வந்து வம்பு பண்ணினான் என்று கார்லிட்டோவே அவனைப் படிக்கட்டில் உருட்டி விடுகிறான். பையன்கள் கேட்கிறார்கள், முடித்துவிடலாமா? பழைய கார்லிட்டோவாக இருந்தால் யோசிக்கவே மாட்டான். இவன் கொஞ்சம் யோசித்து, விட்டுவிடுங்கள் என்கிறான். கூட இருக்கும் பச்சாங்காவின் முகத்தை அப்போது பாருங்கள், 'அண்ணன் மெத்துனு ஆயிட்டாரு' என்று அந்த முகத்திலேயே எழுதியிருக்கும். அந்த மெத்தென்று ஆனதுதான் குண்டாகத் திரும்பி வருகிறது, பச்சாங்காவே விலைபோய்விடுகிறான்.

ஆக இரண்டு முடிச்சு. ஓரிடத்தில் பழைய தர்மத்தை விடாமல் பிடித்ததால் மாட்டுகிறான், இன்னோரிடத்தில் அதை விட்டதால் சாகிறான். பழைய ஆளாகவே இருந்திருந்தால் பென்னி உயிரோடு இருந்திருக்க மாட்டான். முழுசாகப் புது ஆளாகியிருந்தால் படகில் ஏறியிருக்க மாட்டான். பாதி வழியில் இருக்கும் மனிதன் இரண்டு பக்கத்திலும் அடி வாங்குகிறான். கடந்தகாலம் துரத்தியது துரத்தியது என்று எல்லா விமர்சனத்திலும் எழுதுகிறார்கள், என் கணக்கில் எதுவும் அவனைத் துரத்தவில்லை. கையோடு எடுத்துக்கொண்டுதான் போனான்.

அப்புறம், முடிவை முதலில் காட்டுவது. தஞ்சாவூர்ப் பக்கத்து மெலட்டூரில் நரசிம்ம ஜெயந்திக்குப் பாகவத மேளா நடக்கும், ஆண்களே எல்லா வேடமும் கட்டி ராத்திரி முழுக்கப் பிரகலாத சரித்திரம் ஆடுவார்கள். தூண் பிளக்கும், இரணியன் சாவான் என்று தெரியாமல் அங்கே ஒரு ஆளாவது வந்து உட்காருவாரா? விடியும்வரை ஏன் கண் விழிக்கிறார்கள்? என்ன ஆகும் என்பது தெரிந்துவிட்டால்தான், எப்படி ஆகிறது என்பதில் கவனம் போகும். டி பால்மாவும் அதைத்தான் செய்கிறார். கறுப்பு வெள்ளையில், ஸ்ட்ரெச்சரில் தூக்கிக்கொண்டு போகும்போது தலைகீழாகத் தெரியும் விளக்குகள், பின்னால் கார்லிட்டோவின் குரல். அது தெரிந்துவிட்ட பிறகு ஒவ்வொரு காட்சியிலும் வயிறு பிசைகிறது. பென்னியை விடும்போதே நமக்கு 'ஐயோ' என்று இருக்கிறது. அதை மறைத்து வைத்து எடுத்திருந்தால் அந்தக் காட்சி வெறும் ஒரு நல்ல குணக் காட்சி, அவ்வளவுதான்.

ஆச்சரியம் என்னவென்றால், இவ்வளவு தெரிந்தும் கிராண்ட் சென்ட்ரல் ஸ்டேஷன் காட்சியில் அவன் தப்பித்துவிடுவான் என்று நாம் நம்பிவிடுகிறோம். கெய்ல் மியாமி ரயிலருகே காத்திருக்கிறாள், இவன் ஓட ஓட கேமரா வெட்டில்லாமல் கூடவே ஓடுகிறது, அப்புறம் நகரும் படிக்கட்டில் மல்லாந்து படுத்தபடி சுடுகிறான். முதலில் இதை உலக வர்த்தக மைய நகரும் படிக்கட்டில் எடுப்பதாகத்தான் இருந்தது, 1993 பிப்ரவரியில் அங்கே குண்டு வெடித்ததால் ரயில் நிலையத்துக்கு மாற்றினார்கள். நல்லதாகப் போயிற்று. ராத்திரி ரயில் என்றால் நமக்கு ஒரு அர்த்தம் இருக்கிறது. உழவன் எக்ஸ்பிரஸில் ஏறி விடியற்காலை எழும்பூரில் இறங்கிவிட்டால் ஊரில் நடந்தது எல்லாம் மாயவரம் ஜங்ஷனோடு போச்சு என்று நம்பி ஏறினவர்கள் எத்தனை பேர். ஏற்றிவிட்டும் இருக்கிறேன்.

குறையும் சொல்ல வேண்டும். கெய்ல் பாத்திரத்தை அரைகுறையாக எழுதியிருக்கிறார்கள். அவள் பாலே ஆடுவதை, கொட்டுகிற மழையில், எதிர்மாடியில், குப்பைத்தொட்டி மூடியைத் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு கார்லிட்டோ பார்க்கும் காட்சி ஒன்று போதும் என்று விட்டுவிட்டார்கள் போல. காட்சி அழகுதான், ஆனால் அவள் என்ன நினைக்கிறாள் என்று நமக்குக் கடைசிவரை சரியாகத் தெரியாது. பசினோவின் உச்சரிப்பும் அங்கங்கே போர்ட்டோரிக்கோவை விட்டு எங்கோ போய்விடுகிறது. 1983-இல் இதே இயக்குநரும் இதே நடிகரும் செய்த ஸ்கார்ஃபேஸைத்தான் எல்லோரும் பனியனில் போட்டுக்கொண்டு திரிகிறார்கள். அது ஏறுகிறவனின் கதை, 20 வயதில் பிடிக்கும். இது இறங்க நினைக்கிறவனின் கதை. வந்தபோது பெரிதாகக் கண்டுகொள்ளாதவர்கள் பின்னால் மனம் மாறினார்கள், பிரான்ஸின் காயே து சினிமா பத்திரிகை 1990-களின் மிகச் சிறந்த படங்களில் ஒன்றாக இதைத் தேர்ந்தெடுத்தது.

நம் பக்கத்துப் பஹாமாஸ் எது என்று கேட்டால் சிங்கப்பூரும் துபாயும்தான். அங்கே போக பாஸ்போர்ட் வேண்டும், அதற்குப் போலீஸ் விசாரணை உண்டு. வழக்கு நிலுவையில் இருந்தால் 1967-ஆம் வருடத்துச் சட்டப்படியே மறுக்கலாம், கோர்ட்டில் மனுப்போட்டு அனுமதி வாங்க வேண்டும். வழக்கு முடிந்தாலும் பெயர் போலீஸ் பட்டியலில் இருக்கும். திருவிழா, தேர்தல் என்று வந்தால் பழைய ஆட்களைப் பிடித்துக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 110-ஆவது பிரிவில் கோட்டாட்சியர் முன்னால் நிறுத்தி நன்னடத்தைப் பத்திரம் எழுதி வாங்குவார்கள், புதுச் சட்டத்தில் அது 129 ஆகிவிட்டது. டீக்கடை வைத்து நாலு வருடம் ஆனவனும் வரிசையில் நிற்பான்.

அப்படி ஒரு டீக்கடைக்காரர் எங்களுக்குக் கட்சிக்காரர். கொலை வழக்கில் தண்டனை ஆகி, அப்பீலில் சந்தேகத்தின் பலனில் வெளியே வந்தவர். நீடாமங்கலம் ரயில்வே கேட்டருகே கடை. கேட் மூடினால் ஒரு பர்லாங் தூரத்துக்கு வண்டி நிற்கும், அவருக்கு வியாபாரம். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஒருநாள் பழைய கூட்டாளியின் தம்பிக்கு ஜாமீன் கையெழுத்துப் போட வீட்டு வரி ரசீதை எடுத்துக்கொண்டு ஆபீசுக்கு வந்துவிட்டார். வேண்டாம்ணே, அந்தப் பையன் வாய்தாவுக்கு வரமாட்டான், ஓடிவிடுவான் என்று நானே சொன்னேன். அவருக்கும் தெரியும். நான் உள்ளே இருந்த வருடமெல்லாம் அவன் அண்ணன்தான் என் வீட்டுக்கு மாசம் தவறாமல் அரிசி மூட்டை இறக்கினான், இப்ப நான் எப்படி இல்லைன்னு சொல்றது என்றார்.

பையன் ஓடிவிட்டான். ஜாமீன் தொகையைக் கட்டச் சொல்லி இவருக்கு நோட்டீஸ் வந்தது. கடையில் இருந்த பிரிட்ஜையும் வீட்டில் இருந்த ஒரு ஜோடித் தோட்டையும் விற்றுக் கட்டினார். பணம் கட்டின ரசீதை வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டே, "முடிஞ்சுதுல்ல?" என்று கேட்டார். முடிஞ்சுதுண்ணே என்றேன். மத்தியானம் கேட் மூடும் நேரம் ஆகிறது என்று அவசரமாகப் பஸ் ஏறிப் போய்விட்டார்.